ஸ்ட்ராட்டுக்குள் நீச்சல்குளம் வெட்டினால் டோன் மாறுமா?

கம்பியறுந்தவன்
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு பழைய ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பிராண்டு பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. மூன்று சிங்கிள் காயில், அதாவது கம்பியின் ஆட்டத்தைச் சிக்னலாக மாற்றும் ஒற்றைச் சுருள் பிக்கப். பிரிட்ஜ் (உடம்பில் கம்பி உட்காரும் இடம்) பக்கம் ஒரு ஹம்பக்கர் (அகலமான இரட்டைச் சுருள் பிக்கப்) போட ரொம்ப நாள் ஆசை. முகப்பை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பிக்கார்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்று பிக்கப்புக்கும் தனித்தனியாக மூன்று ஒடுங்கின குழி, ஹம்பக்கர் இறங்க வழியே இல்லை. தெரிந்த ஆசாரியிடம் காட்டினேன். "எதுக்கு தம்பி துண்டு துண்டா? மொத்தமா ஒரே தொட்டியா எடுத்துர்றேன், நாளைக்கு எத மாத்தினாலும் இறங்கும்" என்கிறார். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் என்னோடு வாசிக்கும் நண்பன், மரத்தை எடுத்தால் டோன் போச்சு, தகர டப்பா மாதிரி கேட்கும் என்று ஒரே பயமுறுத்தல். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாதே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? கேள்விப்பட்டதைச் சொல்லாமல், செய்ததைச் சொன்னால் புண்ணியம்.

வால்வுசூடு
வேண்டாம். ஹம்பக்கர் அளவுக்கு மட்டும் பிரிட்ஜ் குழியை அகலப்படுத்துங்கள், மற்றதைத் தொடாதீர்கள். 1954இல் ஸ்ட்ராட் வந்தபோது மூன்று தனிக் குழிதான். அதற்குக் காரணம் இல்லாமலா இருக்கும்? மரம்தான் கம்பியின் அதிர்வைத் தாங்கிப் பிடிக்கிறது. நடுவில் மரம் இல்லாவிட்டால் சஸ்டெயின் (ஸ்வரம் நீண்டு நிற்பது) எங்கிருந்து வரும்?

மரத்தூள்
தம்பி, இருபது வருஷமாக இதையே ஒரு பொழுதுபோக்காகச் செய்கிறேன், குடைந்த கிட்டார் முப்பதுக்கு மேல் இருக்கும், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் அந்த "நீச்சல்குளம்", அதாவது ஒரே பெரிய தொட்டி. இது ஆசாரி கண்டுபிடித்த விஷயம் இல்லை. 80களின் கடைசியிலும் 90களிலும் ஃபெண்டரே தன் அமெரிக்கன் ஸ்டாண்டர்டு ஸ்ட்ராட்டில் இப்படி ஒரே தொட்டியாகத்தான் வெட்டியது. ஒரே குழியில் எந்த பிக்கப் வரிசையும் இறங்கும் என்பது தொழிற்சாலைக்கு வசதி. அந்தக் கிட்டார்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வாசித்தவர்கள் பாதிப் பேருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது, பிக்கார்டு மூடியிருக்கிறதே. திறந்து பார்த்த அன்றைக்குத்தான் டோன் கெட்டுப்போனது! அதற்கு முந்தின நாள் வரை நன்றாகத்தான் இருந்தது.

ஃபெண்டரின் இன்னொரு மாடலான டெலிகாஸ்டரைப் பாருங்கள். 60களின் கடைசியில் கனம் குறைவான ஆஷ் மரம் கிடைப்பது கஷ்டமானபோது, 1967 வாக்கில் வந்த சில டெலிகாஸ்டர்களில் பிக்கார்டுக்கு அடியில் பெரிய பெரிய குழியாக எடுத்துக் கனத்தைக் குறைத்தார்கள். கடத்தல்காரன் டெலி என்றே அதற்குச் செல்லப்பெயர், உள்ளே எதையாவது ஒளித்து வைக்கலாமாம். அடுத்த வருஷம் ரோஜர் ரோஸ்மைசல் வடிவமைத்த தின்லைன் வந்தது, அதில் பின்பக்கமிருந்து குடைந்து அந்தப் பக்கமே பலகை ஒட்டி மூடிவிட்டார்கள். கிப்சன் கம்பெனியும் 80களில் தன் லெஸ் பால் மாடல் உடம்பில் ஒன்பது ஓட்டை போட்டது, பிறகு 2000களின் நடுவிலிருந்து சில மாடல்களில் முழு அறைகளாகவே குடைந்தது. இதில் எதுவும் "டோனுக்காக" என்று ஆரம்பிக்கவில்லை. தோள்பட்டை வலிக்காகத்தான்.

ஆகவே மரம் எடுத்தால் கிட்டார் செத்துவிடாது. ஆனால் எங்கே எடுக்கிறோம் என்பது முக்கியம், அதை ராத்திரி எழுதுகிறேன், வீட்டில் கூப்பிடுகிறார்கள்.

ஈயப்பற்று
அண்ணன் வரும்வரை ஒரு கணக்கு போடுவோம். தொட்டி வெட்டினால் உண்மையில் எவ்வளவு மரம் போகிறது?

தோராயமாகத் தொட்டி 15 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், 1.9 செ.மீ. ஆழம் என்று வையுங்கள். சுமார் 256 கன சென்டிமீட்டர். இதில் ஏற்கெனவே இருக்கும் மூன்று சின்னக் குழிகளைக் கழித்தால், புதிதாக எடுப்பது 145 கன செ.மீ. பக்கம். ஆல்டர் மரம் கன சென்டிமீட்டருக்கு 0.45 கிராம் போல வரும். பெருக்கினால் 65 கிராம். ஸ்ட்ராட் உடம்பு இரண்டு கிலோ பக்கம் இருக்கும். ஒரு முட்டை கனத்தை எடுத்ததற்குத்தான் இவ்வளவு பயம்.

அதைவிட முக்கியமான விஷயம்: காந்த பிக்கப்புக்குக் காது கிடையாது. தன் தலைக்கு மேலே இரும்புக் கம்பி எப்படி ஆடுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். குழிக்குள் இருக்கும் காற்று முனகினாலும் அதற்குக் கேட்காது. மரம் டோனை மாற்ற வேண்டுமென்றால் முதலில் கம்பியின் ஆட்டத்தை மாற்ற வேண்டும், அதுவும் கம்பி தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு முனை வழியாகத்தான் மாற்ற முடியும். ஒன்று பிரிட்ஜ், இன்னொன்று நெக்கில் (கழுத்தில்) இருக்கும் ஃப்ரெட் (விரல் அழுத்தும் இடத்து உலோகக் கட்டு) அல்லது நட் (நெக் நுனியில் கம்பி படியும் கட்டை). நடுவில் இருக்கும் மரத்தைக் கம்பி தொடுவதே இல்லை.

பலாக்கட்டை
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் வீணை ஆள். எங்கள் பக்கம் குடைவது என்றால் அது உயிர்நாடி. பலாக்கட்டையில் குடம் குடையும்போது சுவர் எவ்வளவு கனம் விடுகிறோம் என்பதில்தான் நாதமே இருக்கிறது, விரலால் தட்டித் தட்டிக் கேட்டு எடுப்பார்கள். கொஞ்சம் தடித்தால் அடைத்தமாதிரி இருக்கும். அந்தப் பழக்கத்தில் கிட்டாருக்கும் அப்படித்தான் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். காது இல்லாத பிக்கப் என்று சொன்னதும்தான் உறைக்கிறது. வீணையில் மேல்பலகை காற்றைத் தள்ளினால்தான் சபைக்குச் சத்தம் போகும், இங்கே அந்த வேலையே இல்லை.

வால்வுசூடு
> நடுவில் இருக்கும் மரத்தைக் கம்பி தொடுவதே இல்லை

பேப்பரில் எல்லாம் சரிதான் நண்பரே. என்னிடம் உள்ளே அறை குடைந்த கிட்டார் ஒன்றும், முழு மரம் ஒன்றும் இருக்கின்றன. ஆம்பில் செருகாமல் வாசித்தாலே வித்தியாசம் தெரிகிறது. குடைந்தது பாடுகிறது, முழு மரம் முணுமுணுக்கிறது. என் விலா எலும்பில் அதிர்வு படுகிறது. இதையெல்லாம் மாயை என்பீர்களா?

ஈயப்பற்று
மாயை இல்லை சார், உங்கள் காதையும் விலாவையும் நான் சந்தேகப்படவில்லை. செருகாமல் வாசிக்கும்போது நீங்கள் கேட்பது உடம்பு காற்றில் விடும் சத்தம். கேபிள் வழியே போவது வேறு. உங்கள் இரண்டு கிட்டாரிலும் ஒரே பிக்கப்தானா? ஒரே உயரமா? ஒரே வயசுக் கம்பியா? நாஷ்வில்லில் ஜிம் லில் என்ற கிட்டார் கலைஞர் சில வருஷம் முன்பு இதைச் சோதித்து வீடியோ போட்டார், கடைசியில் உடம்பே இல்லாமல் மேஜையிலிருந்து அந்தரத்தில் கம்பியை இழுத்துக்கட்டி, கீழே பிக்கப்பை வைத்து வாசித்தார். அவருடைய நல்ல டெலி மாதிரியே கேட்டது. குழி எவ்வளவு பெரிது என்ற கேள்விக்கு அதைவிடப் பெரிய குழி வெட்ட முடியாது, மொத்தமும் குழிதான்.

கேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கிள் காயில் பிக்கப்பின் இண்டக்டன்ஸ் 2.4 ஹென்ரி என்று வைத்தால், 3 மீட்டர் கேபிளில் அதன் உச்சம் (அது ஓங்கி ஒலிக்கும் அதிர்வெண்) 5100 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். 6 மீட்டர் கேபிள் செருகினால் 3900க்கு இறங்கிவிடும். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிகோஃபாரட், பிக்கப்பின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் ஒரு 100 பிகோஃபாரட் என்று எடுத்துப் போட்ட கணக்கு இது. மேடையில் நீளமான கேபிள் போட்டதும் சத்தம் மந்தமாகிறதே, அது இதுதான். அந்த அளவு மாற்றத்தை 65 கிராம் மரத்தூளில் எனக்குக் காட்டுங்கள், நான் ஈயம் பற்றவைப்பதை விட்டுவிடுகிறேன்.

வால்வுசூடு
ஈயத்தை விடாதீர்கள், என் ஆம்ப் ஒன்று ரிப்பேருக்குக் காத்திருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்வேன். மேடையில் ஆம்பை முறுக்கி வைத்து அதன் முன்னால் நிற்கும்போது உள்ளே குடைந்த கிட்டார் வேறு மாதிரி பிடிக்கும், ஸ்வரம் தானாக நீளும். அதை மேஜையில் கட்டிய கம்பி செய்யாது.

ஈயப்பற்று
அது முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஸ்பீக்கர் சத்தம் உடம்பை ஆட்டி, உடம்பு கம்பியை ஆட்டுகிறது. ஃபீட்பேக் என்று வந்தால் குழிக்குப் பங்கு உண்டு.

மரத்தூள்
வந்துவிட்டேன். நல்லவேளை, யாரும் அடித்துக்கொள்ளவில்லை.

எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக்கூடாது. 10ஆம் நம்பர் கம்பி செட் ஒன்று மொத்தமாக 45 கிலோ போல இழுக்கிறது. அந்த இழுப்பை முக்கியமாகத் தாங்குவது நெக், நெக் பாக்கெட் (உடம்பில் நெக் இறங்கும் குழி), பிரிட்ஜ் அடி மரம். அதனால் நெக் பாக்கெட் சுவரை மெலிய விடாதீர்கள். நெக் பிக்கப் குழிக்கும் பாக்கெட்டுக்கும் நடுவில் ஏற்கெனவே மரம் கொஞ்சம்தான் இருக்கும். இரண்டு வருஷம் முன்பு ஒருவர் என்னிடம் ஒரு கிட்டார் கொண்டுவந்தார், வேறு எங்கோ குடைந்தது. ரவுட்டர் (மரம் குடையும் மெஷின்) வழுக்கி அந்தச் சுவரையே தின்றிருந்தது. நெக் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் மேலே ஒரு நூல் அளவு ஆட்டம். பெண்டு பண்ணினால் (கம்பியை இழுத்து வளைத்தால்) ட்யூனிங் போகும், மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் பாதியில் செத்துப்போகும். அவர் கேட்டது "குழி வெட்டினதால டோன் போச்சு". குழியால் போகவில்லை, சுவரால் போனது.

இரண்டாவது ஆழம். உடம்பு தடிமன் 44 மி.மீ. போல இருக்கும். ட்ரெமலோ (பிரிட்ஜை ஆட்டி ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடி) இருந்தால் பின்பக்கம் ஸ்பிரிங் குழி 16 மி.மீ. பக்கம் ஏற்கெனவே போயிருக்கும். முன்பக்கம் 18 எடுத்தால் நடுவில் மிஞ்சுவது 10. ஆசாரிகள் கதவு, நிலை என்று வேலை செய்த கை, ஒரு இழுப்பில் கொஞ்சம் கூடப் போனால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். உங்கள் கிட்டாரில் இரண்டு பக்கமும் நீங்களே ஸ்கேல் வைத்து அளந்து, ரவுட்டர் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் போட்டுக் கொடுங்கள். ஒரே தடவையில் முழு ஆழம் வேண்டாம், நாலு நாலு மில்லிமீட்டராக இறங்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்ட்ராட்டில் பிக்கப் மரத்தில் உட்காருவதில்லை, பிளாஸ்டிக் பிக்கார்டில் தொங்குகிறது. தனித்தனிக் குழி இருந்தால் பிக்கார்டுக்கு அடியில் நடுநடுவே மரத் திட்டு நின்று தாங்கும். தொட்டியாக்கினால் அத்தனை அகலப் பிளாஸ்டிக்கும் அந்தரத்தில். அது ஆடினால் அதில் தொங்கும் பிக்கப்பும் கம்பிக்கு அடியில் ஆடும், அதனால் தட்டினால் ஆம்பில் கேட்கும். டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்குவது) நிறைய போட்டு வாசிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹாலன் தானே சேர்த்துக் கட்டிய ஃபிராங்கென்ஸ்ட்ராட் கிட்டாரில் உளியால் மரத்தைப் பெயர்த்து ஹம்பக்கரை நேராக மரத்திலேயே திருகினார், கீச்சிடாமல் இருக்க அந்த பிக்கப்பை உருக்கிய மெழுகில் வேறு முக்கினார். 1978இல் வந்த முதல் ஆல்பத்தில் கேட்கும் கிட்டாரின் குழி அழகாக இருக்கும் என்று நினைத்தீர்களா? எலி கடித்தமாதிரி இருக்கும்.

பலாக்கட்டை
அண்ணே, அப்படியென்றால் மரமே வேண்டாமா?

மரத்தூள்
வேண்டும், கையில் பிடிக்க ஏதாவது வேண்டாமா! லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் (அவர் பெயரில்தான் அந்தக் கிப்சன் மாடல்) 40களின் தொடக்கத்தில் எபிஃபோன் தொழிற்சாலையில் உட்கார்ந்து, நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டை ஒன்றில் கம்பி கட்டி வாசித்தார். ஒரு எபிஃபோன் கிட்டாரை நடுவில் அறுத்து இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டினது பார்ப்பவர் கண்ணுக்காக. சத்தம் அந்தக் கட்டையிலும் பிக்கப்பிலும் இருந்தது.

ஈயப்பற்று
அண்ணன் சொன்ன "ஸ்வரம் செத்துப்போகும்" விஷயத்துக்கு ஒரு துணைத் தகவல். 90களில் மியூனிக்கில் ஹெல்முட் ஃபிளைஷரும் டில்மன் சுவிக்கரும் எலெக்ட்ரிக் கிட்டார்களின் அதிர்வை அளந்தார்கள். சில ஃப்ரெட்டில் மட்டும் சஸ்டெயின் சட்டென்று குறையுமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் நெக் அந்த ஸ்வரத்தோடு சேர்ந்து ஆடி சக்தியைக் குடித்துவிடுவது என்று அளந்து காட்டினார்கள். பிரிட்ஜ் பக்கம் ஒப்பிட்டால் அசைவதே குறைவு. ஆக, மரத்தைப் பற்றிக் கவலைப்பட்டே ஆகவேண்டும் என்றால் நெக்கைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

கம்பியறுந்தவன், வெட்டுவதற்கு முன் ஒரு உதவி. நெக் பிக்கப்பையும் நடு பிக்கப்பையும் மாற்றப் போவதில்லைதானே? அவற்றில் இப்போதே ரெக்கார்டு செய்து வையுங்கள். வெட்டிய பிறகு அதையே வாசித்து ஒப்பிடலாம். பிரிட்ஜை ஒப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை, அங்கே பிக்கப்பே மாறிவிடும்.

கம்பியறுந்தவன்
சரி, வெட்டியாச்சு. பத்து நாள் ஆயிற்று, கதையைச் சொல்கிறேன்.

ஆசாரியிடம் எம்.டி.எஃப். பலகையில் டெம்ப்ளேட் வெட்டிக் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்கு தம்பி, கண்ணு பாத்தா கை போவாதா" என்று சலித்துக்கொண்டார், ஆனால் மரத்தூள் அண்ணன் சொன்னபடி நாலு நாலு மில்லிமீட்டராகத்தான் இறக்கினார். விழுந்த தூளை மொத்தமும் கவரில் அள்ளி மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 70 கிராம், கவரோடு. ஈயப்பற்று, உங்கள் கணக்குக்குக் கும்பிடு.

வீட்டுக்கு வந்து ஆசையாசையாகக் குழி முழுக்கச் செப்பு டேப் ஒட்டினேன், இரைச்சல் குறையும் என்று சொல்கிறார்களே. எல்லாம் பற்றவைத்து, மூடி, செருகினால் சுத்தமாகச் சத்தம் இல்லை. தொட்டியின் சாபம் என்றே நினைத்தேன். ஒரு மணி நேரம் தேடினபிறகு பார்த்தால் செலக்டர் ஸ்விட்சின் ஒரு கால் செப்பு டேப்பில் உரசிக்கொண்டிருக்கிறது. சிக்னல் மொத்தமும் எர்த்தில் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினதும் உயிர் வந்தது.

இப்போது முக்கியமான விஷயம். முன்னே எடுத்த ரெக்கார்டிங்கோடு ஒப்பிட்டேன். வித்தியாசம் இருக்கிறது! இப்போது பளிச்சென்று இருக்கிறது, உயர் பக்கம் நன்றாகத் திறந்திருக்கிறது. வால்வுசூடு சார் சொன்னது சரியோ?

வால்வுசூடு
பார்த்தீர்களா!

ஈயப்பற்று
ஒரு நிமிஷம். கம்பி மாற்றினீர்களா?

கம்பியறுந்தவன்
...மாற்றினேன். கழற்றினதைத் திரும்பப் போட முடியாதே, புது செட் போட்டேன். பழையது மூன்று மாசக் கம்பி.

ஈயப்பற்று
அதேதான். புதுக் கம்பி எந்த கிட்டாரையும் பளிச்சென்று காட்டும். பிக்கப் உயரமும் மாறியிருக்கும், பிக்கார்டைக் கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ ஒரு சுற்றாவது நகரும். முன்னே எவ்வளவு இருந்தது என்று அளந்தீர்களா?

கம்பியறுந்தவன்
இரண்டு ஒற்றை ரூபாய் நாணயம் அடுக்கினால் கம்பிக்கு அடியில் சரியாக நுழையும், அந்த அளவு என்று ஞாபகம். இப்போது ஒன்றுதான் நுழைகிறது. வாயை மூடிக்கொள்கிறேன். மூன்று வாரம் வாசித்துக் கம்பியைப் பழசாக்கிவிட்டு வருகிறேன்.

பலாக்கட்டை
இந்த மூன்று வாரமும் இந்த இழைக்குள் யாரும் வந்து சண்டை போடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

கம்பியறுந்தவன்
வந்துவிட்டேன். கம்பி நன்றாகக் கறுத்துவிட்டது, நாணயம் இரண்டு நுழைகிற மாதிரி உயரம் வைத்தேன், அதே கேபிள், அதே பாட்டு. பழையது ஐந்து, புதியது ஐந்து என்று பத்துத் துண்டு வெட்டிக் கலைத்து, பயமுறுத்தினானே அந்த நண்பனிடம் கொடுத்து எது முன், எது பின் என்று பிரிக்கச் சொன்னேன். ஆறு சரி, நாலு தப்பு. பிறகு அவனே என்னைச் சோதித்தான், எனக்கு ஐந்து. செருகாமல் வாசித்தால் மட்டும் எனக்கே தெரிகிறது, முன்பைவிட ஒரு பொட்டுக் கூடுதலாக, கொஞ்சம் உள்ளீடற்ற மாதிரி ஒலிக்கிறது. செருகினதும் அது எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

ஆனால் மரத்தூள் அண்ணன் சொன்ன மூன்றாவது விஷயம் நூற்றுக்கு நூறு பலித்தது. டிஸ்டார்ஷன் கூட்டி வைத்து நடு பிக்கப் பக்கம் நகத்தால் தட்டினால் டொக் டொக் என்று ஆம்பில் விழுகிறது. வோல்யூமை ஒரு அளவுக்கு மேல் வைத்தால் ஹம்பக்கர் கீச்சிடுகிறது. முன்னே இது இல்லை. பிக்கார்டை விரலால் அழுத்திப் பிடித்தால் கீச்சு நின்றுவிடுகிறது, அதனால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகம் இல்லை. என்ன செய்யலாம்?

மரத்தூள்
ஒரு துண்டு மரம் வெட்டி, நடு பிக்கப்புக்கும் நெக் பிக்கப்புக்கும் இடையில் தொட்டிக்குள் நிறுத்துங்கள். உயரம் பிக்கார்டின் அடியைத் தொடுகிற அளவு. டபுள் டேப் போதும், பசை வேண்டாம். ஹம்பக்கர் அடியில் அடர்த்தியான ஸ்பாஞ்சு ஒன்று திணியுங்கள், கொஞ்சம் அழுந்தி உட்கார வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் மெழுகு. மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள், இல்லையென்றால் பாபின் (சுருள் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு) உருகிவிடும், தீப்பிடிக்கவும் பிடிக்கும்.

வால்வுசூடு
ஆக, எடுத்த இடத்தில் மரத்தைத் திரும்ப வைக்கச் சொல்கிறீர்கள். நான் முதல் பதிலிலேயே எடுக்க வேண்டாம் என்றேன்.

மரத்தூள்
சொன்னீர்கள், ஒத்துக்கொள்கிறேன். காரணம்தான் வேறு!

கம்பியறுந்தவன்
மரத்துண்டு வைத்தேன், ஸ்பாஞ்சு திணித்தேன். கீச்சு நின்றது. டொக் டொக் பாதியாகக் குறைந்தது, மெழுகுக்கு இப்போது தைரியம் இல்லை. வைத்த துண்டு ஆசாரி கடையில் கிடந்த தேக்கு. உள்ளே ஆல்டரோ என்னவோ, நடுவில் தேக்கு. இதனால் டோன் மாறுமா என்று யாராவது கேட்டால் இந்த இழையைப் பூட்டிவிடச் சொல்வேன்.

வால்வுசூடு
தேக்கு கொஞ்சம் பளிச்சென்று கேட்கும்.

ஈயப்பற்று
சார்!!

வால்வுசூடு
சும்மா சொன்னேன். ஆம்பை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரட்டுமா?